ஏட்டியின் இடது முன்னங்கால்

மதியச் சாப்பாட்டு நேரம். கரண்ட் போயிருந்ததால் பிளெக்ஸ் மெஷின் பாதி பேனரைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தது. என்னோடு வேலை பார்க்கும் கோமதி தட்டுக் கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். நான் வலது கையில் புளிசாதமும் இடது கையில் செல்போனுமாக உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவருடைய குதிரையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஏதோ வெளிநாட்டுப் புல்வெளியில் நிற்கிறது. பின்னால் ஓர் அருவி விழுகிறது. புல்வெளி ஒரு போட்டோ, அருவி ஒரு போட்டோ, குதிரை இன்னொரு போட்டோ. மூன்றையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கியிருந்தார். இணையக் குழு ஒன்றில் அதைப் போட்டவரின் பெயர் ‘எஸ்.எம்.76’. கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘நிஜம் மாதிரி இருக்கிறதா? தயவுசெய்து சொல்லவும்.’

சொன்னேன். இடது கைப் பெருவிரலாலேயே பதினோரு வரி. இடது முன்னங்கால் தப்பு. முட்டி உள்பக்கமாக மடிந்திருக்கிறது. இப்படி ஒரு காலை வைத்துக்கொண்டு எந்தக் குதிரையும் நிற்காது. வேறு குதிரையிலிருந்து நல்ல கால் ஒன்றை எடுத்து ஒட்டவும். வாலுக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ அழிபடாமல் இருக்கிறது. அதன் மேல் இளஞ்சிவப்பில் ஓர் உருண்டை. இரண்டையும் துடைக்கவும். முயற்சிக்குப் பாராட்டுகள்.

அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு ருசியாகவே இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாலு மணி டீயின்போது மறுபடி பார்த்தேன். படத்தைக் காணோம். என் பதினோரு வரியும் அதோடு போயிருந்தது.

கோமதியிடம் சொன்னேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். வரி விடாமல் ஒப்பித்தேன். டீயை ஆற்றிக்கொண்டே “பாவம்” என்று மட்டும் சொன்னாள். குதிரையையா, போட்டவரையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பாவைப் பெரிசாக்குங்க

இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே ‘குதிரைப் படம் செய்வேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஓடிவிட்டேன். பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற பெண்ணுக்குக் குதிரைமேல் எங்கிருந்து ஆசை வந்தது என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

ஆசையெல்லாம் பிறகு வந்ததுதான். முதலில் வேலை. தென்காசியில் பேனர் அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குதிரை வேண்டும். புதுவீடு என்றால் ஏழு வெள்ளைக் குதிரைகள் பாய வேண்டும். காதுகுத்து என்றால் பிள்ளையை ஒரு குதிரையில் உட்கார வைக்க வேண்டும். கபடிப் போட்டிக்குக்கூடக் குதிரை கேட்டு வந்தார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. வெட்டுவேன், ஒட்டுவேன், அனுப்புவேன்.

வாடிக்கையாளர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அபிப்பிராயம் சொல்வார்கள். “கிராண்டா இல்லியே” என்பது ஒன்று. “சித்தப்பாவைப் பெரிசாக்குங்க” என்பது இன்னொன்று. ஒருமுறை அப்படி ஒரு சித்தப்பாவை நாலு தடவை பெரிதாக்கினேன். கடைசியில் அவர் குதிரையைவிட உயரமாக நின்றார். குடும்பமே திருப்தியாகப் போயிற்று.

குதிரையைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிடரி மயிரை ஒவ்வொரு இழையாகப் பிரித்து வைத்திருப்பேன். பிறந்த நாள் பேனரில் அது பலூனுக்குப் பின்னால் போய்விடும். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், நன்றாக இல்லை என்றாவது யாராவது சொல்லக் கூடாதா என்று இருக்கும்.

அப்படித் தேடிப் போய்த்தான் இணையத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், குதிரைப் போட்டோக்களை வெட்டி ஒட்டிப் புதுப் படங்கள் செய்கிறவர்கள். குதிரையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ரெண்டு சூரியன்

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. உன் படம் ஒன்றைப் போடுவதற்கு முன்னால், அடுத்தவர்களின் படம் இரண்டுக்கு உருப்படியாகக் கருத்து எழுத வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’, பூங்கொத்துப் படம் இதெல்லாம் கணக்கில் சேராது. நான் மூன்று மாதம் பூங்கொத்து போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எச்சரிக்கை வந்தது.

முதன்முதலில் நான் போட்ட படம், குற்றாலம் மெயினருவிக்கு மேலே இறக்கை விரித்துப் பறக்கும் வெள்ளைக் குதிரை. அதற்கு இங்க்ரிட் என்ற ஓர் அம்மா, எப்போதும் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து, இரண்டு வரி எழுதினார். ‘குதிரை அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் படத்தில் இரண்டு சூரியன்கள் இருக்கின்றன.’

நான் படத்தைப் பெரிதாக்கிச் சூரியனைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தேடினாள். வெள்ளைக்காரிக்குக் கண் சரியில்லை என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. ஒரு வாரம் அந்தக் குழுவைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, கோயிலை ஒட்டிய ரோட்டில் நடந்து வருகிறேன். ஒரு பசு குறுக்கே நிற்கிறது. அதன் ஒரு பக்கம் வெயிலில் பளபளக்கிறது, மறுபக்கம் இருண்டிருக்கிறது. நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தேன். கோபுரத்திலும் அதே பக்கம்தான் வெயில். அங்கேயே நின்றுவிட்டேன். என் படத்தில் குதிரைக்கு இடப்பக்கத்திலிருந்தும் அருவிக்கு வலப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழுந்திருந்தது. இரண்டு சூரியன் என்று அந்த அம்மா சொன்னது அதைத்தான்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே கோமதி சொல்வாள். சைக்கிள் நிழல், கரும்புச் சாறு வண்டியின் நிழல், தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் விழும் வெளிச்சம் என்று எதைக் கண்டாலும் நின்று பார்ப்பேன். நாற்பது வயதுக்குமேல் உலகம் இப்படிப் புதிதாகத் தெரியும் என்று யார் நினைத்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பிழை கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டது. இங்க்ரிட் இரண்டு வரி எழுதினால் நான் ஐந்து வரி எழுதுவேன். அப்புறம் ஏழு, அப்புறம் பதினொன்று. என் கருத்துக்குப் பலர் நன்றி சொன்னார்கள். வீட்டில் கணவரிடம் அதைப் படித்துக் காட்டுவேன். இத்தனைக்கும் அதுவரை நான் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

வெங்காயப் புள்ளி

எஸ்.எம்.76 படத்தை எடுத்துவிட்டதற்கு வருகிறேன்.

குறைகளைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டலாம் என்று அந்தப் படத்தை நான் முன்பே சேமித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வேலை குறைவாக இருந்தபோது, கடையின் பெரிய கம்ப்யூட்டரில் அதைத் திறந்தேன். மனது உறுத்தியது ஒரு பக்கம். அந்த மஞ்சள் துண்டு என்னவாக இருக்கும் என்ற ஆர்வம் இன்னொரு பக்கம்.

பெரிதாக்கப் பெரிதாக்க, மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு வளைவு தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளைக் கரை. கரைக்கு வெளியே சாய்வாகக் கறுப்பு நிழல். அது ஒரு தமிழ் எழுத்தின் மேல்பாதி. மேலே தொங்கிய இளஞ்சிவப்பு உருண்டைக்கு ஒரு சின்னப் பச்சைத் தண்டு இருந்தது.

அது வெங்காயம். அதை வரைந்தது நான்தான்.

பாவூர்சத்திரத்தில் ஒரு வெங்காய மண்டிக்கு நாங்கள் பேனர் அடித்துக் கொடுத்திருந்தோம். ‘மண்டி’ என்ற சொல்லில் ண் மேல் வரும் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்ன வெங்காயத்தை வைத்தேன். மண்டிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். இந்த உலகத்தில் ண் மேல் வெங்காயம் தொங்குவது அந்த ஒரு பேனரில்தான் இருக்க முடியும்.

அப்போதுதான் ‘76’ உறைத்தது. எங்கள் ஊர் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் வருகிற எண் அது.

படத்தைப் போட்டவர் கடல் தாண்டி எங்கோ இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறார். அதற்கு அடுத்தபடியாக இன்னொன்றும் தோன்றியது. அந்தக் குதிரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற குதிரை இல்லை. என்னுடைய பேனருக்கு முன்னால் நிஜமாகவே நின்ற குதிரை. அப்படியானால் அந்தக் கால்?

கோமதியும் எட்டிப் பார்த்தாள். “நெசமாவே அப்படி ஒரு கால் இருந்தா என்னக்கா செய்வீங்க?” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டிக்குப் பின்னால்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காலையில் போனால் கால் வைக்க இடமிருக்காது. நான் போனபோது வியாபாரம் ஓய்ந்து, வெங்காயத் தோல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. மண்டிக்காரருக்கு என்னை நினைவிருந்தது. பேனரில் ஏதாவது பிழையா என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி, குதிரையைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“நம்ம டிரைவர் சுடலைமுத்துல்லா வச்சிருந்தான். போன ஐப்பசியில செத்துப்போச்சு. செல்லுல இன்னும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்.”

சுடலைமுத்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைத் தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. நான் தென்காசியில் வேலை பார்க்கிறவள், குழுவில் பியூலா ஆர்ட்ஸ் என்ற பெயரில் எழுதுகிறவள் என்று சொன்னேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, துண்டால் துடைத்துப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போதே மன்னிப்புக்கு நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஆரம்பிக்குமுன் அவர் செல்போனை என் முன்னால் நீட்டினார். மூலையில் விரிசல் விட்ட போன். அதே குதிரை, அதே புல்வெளி. இடது முன்னங்கால் தூண் மாதிரி நேராக இருந்தது. ஒட்டு தெரியவில்லை. நல்ல வேலை. அத்தனையும் அந்தச் சின்னத் திரையில் விரலால் செய்தது.

“நீங்க சொன்ன மாதிரியே வேற கால எடுத்து ஒட்டிட்டம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏட்டி இல்ல.”

ஏட்டி என்பது அந்தக் குதிரையின் பெயர் என்று புரிந்துகொள்ளச் சற்று நேரமானது. பெண்பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் கூப்பிடுகிற அதே ‘ஏட்டி’. அதற்கு முன்னால் அதற்கு என்ன பெயர் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது, அதுவே பெயராகிவிட்டது. போனில் படங்கள் ‘ஏட்டி 1’, ‘ஏட்டி 2’ என்று நூற்றுச் சொச்சம் இருந்தன.

மற்றதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குற்றாலத்து லாட்ஜுகளுக்கு வாரம் மூன்று நாள் காய்கறி கொண்டுபோகிறவர் அவர். ஒரு சீசனில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதற்காக யாரோ ஒருவர் இந்தக் குதிரையைக் கொண்டுவந்திருக்கிறார். முட்டியில் பழைய அடி. சாரல் நின்று கூட்டம் கலைந்ததும், ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜின் பின்பக்கம் கட்டிப்போட்டுவிட்டு அந்த ஆள் வரவேயில்லை. விலா எலும்பு தெரிய நின்றதைப் பார்த்துவிட்டு, சுடலைமுத்து முதலில் வாடிய கேரட்டைப் போட்டிருக்கிறார். பிறகு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மண்டிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் மூன்று வருடம் இருந்தது.

எப்படி இறந்தது என்று கேட்டேன்.

மார்க்கெட்டில் மிஞ்சுவதைத்தான் போட்டிருக்கிறார். அதில் முட்டைக்கோஸ் இலை நிறைய. ஒருநாள் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கோஸ் போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாராம். மாட்டுக்குத் தாங்குவது குதிரைக்குத் தாங்காது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்றாராம். மறுநாள் மதியத்துக்குள் போய்விட்டது.

“மூணு வருசமா எல்லாரும் பாத்தாங்க. கோஸ் போடாதலேன்னு ஒரு ஆளு சொல்லல. அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” துண்டால் போன் திரையைத் துடைத்தார். “நீங்க எழுதினத வாசிச்சப்ப எனக்குக் கோவம் வரலம்மா. தப்புன்னு தெரிஞ்சா சொல்லிரணும். அதான் படத்த எடுத்துட்டு, சரி பண்ணிப் போடுவோம்னு உக்காந்தேன்.”

நான் கொண்டுவந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அங்கே செல்லுபடியாகவில்லை. தெரியாமல் எழுதிவிட்டேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

நாலாவது குளம்பு

கிளம்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை, அது கிளம்ப விடவில்லை. அந்தக் கால் நிஜம். பிறகு ஏன் என் கண்ணுக்குப் பொய்யாகப் பட்டது? குதிரைக் காலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா?

முதல் படத்தைக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் அசல் போட்டோவையும் கேட்டேன். சேறு, சாக்கு, என் வெங்காயப் பேனர், அதற்கு முன்னால் ஏட்டி. அந்தப் போட்டோவில் கால் துளியும் பொய்யாகத் தெரியவில்லை. பாவம் என்று தோன்றியது, தப்பு என்று தோன்றவில்லை.

ஏட்டி எப்படி நிற்கும் என்று கேட்டேன். சொல்லத் தெரியாமல் அவர் எழுந்து நின்று காட்டினார். உடம்பை வலப்பக்கம் சாய்த்து, இடது முட்டியை உள்ளே மடக்கி, பெருவிரல் நுனியை மட்டும் தரையில் வைத்துக்கொண்டு, மண்டி நடுவில் அந்தப் பெரிய மனிதர் குதிரையாக நின்றார். மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தைக்க ஆரம்பித்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. அவர் படத்தில் நாலு குளம்பையும் ஒரே அளவுக்குப் புல்லுக்குள் புதைத்திருந்தார். நிழலும் போடவில்லை. பாரம் தாங்குகிற மூன்று கால்கள் ஆழமாக அழுந்த வேண்டும். அடியில் நிழல் கறுத்துக் கிடக்க வேண்டும். நாலாவது குளம்பு நுனியால் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அதன் நிழல் வெளுத்திருக்க வேண்டும். கால் சரிதான். தரைதான் பொய் சொன்னது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் அசல் போட்டோவைப் பெரிதாக்கிக் குளம்புகளைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் எந்தத் தரையில் நிறுத்துவது? வெளிநாட்டுப் புல்லை எதற்காக எடுத்தார் என்று நானும் கேட்டேன். குற்றாலத்தில் ஆள் இல்லாத அருவி எங்கே கிடைக்கிறது, அதனால் இணையத்தில் கிடைத்ததை எடுத்தேன் என்றார்.

ஏட்டியை நீங்கள் முதலில் பார்த்த இடத்திலேயே நிறுத்தலாமே என்றேன். அந்த லாட்ஜின் பின்பக்கமா, அங்கே ஒரு அழகும் இல்லையே என்றார். பார்க்கலாம் என்றேன். உண்மையில் எனக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஐந்தருவி ரோட்டில்

சாரல் தொடங்கிய வாரத்தில், அவர் காய்கறி கொண்டுபோன ஒரு காலையில் நானும் கோமதியும் அந்த வண்டியிலேயே போனோம். மூன்று பேருக்கு இடம் போதவில்லை, கோமதி மடியில் ஒரு கூடை புதினாவை வைத்துக்கொண்டு வந்தாள். மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது.

லாட்ஜின் பின்பக்கம் அவர் சொன்னது போலத்தான். பாசி பிடித்த சுவர், துவைக்கிற கல், ஓட்டைக் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீர். ஆனால் சுவருக்கு மேலே மலை தெரிந்தது. ஈரத் தரையில் வானத்து வெளிச்சம் மங்கலாக விழுந்து கிடந்தது. சாரலில் நிழல் கறுப்பாக விழாது, தரையில் கரைந்துதான் கிடக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் போனிலும் என் போனிலும் முப்பது நாற்பது படம் எடுத்தோம். குதிரையின் உயரத்துக்குக் கோமதியைக் கை தூக்கி நிற்க வைத்து அளவு பார்த்தோம்.

அவர் அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஏட்டியை வெட்டி வைத்து ஒட்ட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று குடை பிடித்தேன். இடையிடையே கேட்டுக்கொண்டேன். எந்தக் காதை முன்னால் வைக்கும்? வால் ஆடிக்கொண்டே இருக்குமா? கேட்டது முழுக்க எனக்காகத்தான். மூன்று குளம்பை அழுத்தினார். நாலாவதை நுனியில் விட்டார். நிழல் கொஞ்சம் அதிகம் என்று நான் சொன்னேன், குறைத்தார். இன்னும் குறைக்கச் சொன்னேன், வேண்டாம் என்றார். அவர் சொன்னதே சரி.

அப்போது, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் கையில் பாட்டிலோடு அந்த வழியாக வந்தார். முகம் கழுவக் குழாயடியில் நின்றவர், சுடலைமுத்துவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நொண்டிக் குதிரைல்லா இது. இங்கனதான் நிக்கும். இப்ப எங்க இருக்கு, அண்ணாச்சி?”

சுடலைமுத்து போனை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார். வந்தவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, திரையைத் தொடாமல் விரலை மட்டும் அந்தக் காலுக்கு நேராகக் கொண்டுபோனார். “இப்படியேதான் வச்சுக்கிட்டு நிக்கும்” என்றார். பிறகு அவரைக் கூப்பிட்டுக்கொண்டு யாரோ வர, எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். சுடலைமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரலும் பெய்துகொண்டுதான் இருந்தது. நிஜம் மாதிரி இருக்கிறதா என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றார்.

ஆனாலும் அன்று சாயங்காலம் குழுவில் போட்டார். கேள்வி எதுவும் இல்லாமல், படத்தை மட்டும்.

கல்யாணத்துக்கு வந்த குதிரைகள்

திரும்பி வரும்போது, என் படங்களையும் பாருங்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அவர் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினார். நிதானமாக, அறுபது எழுபது படம்.

“எல்லாம் அழகா இருக்கு. ஆனா எல்லாக் குதிரையும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கு. ஒண்ணுக்குக்கூட ஈ கடிக்கல. ஒண்ணுக்குக்கூடப் பசிக்கல.”

கோமதி டீயைத் துப்பாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு போனை வாங்கி நானே பார்த்தேன். அவர் சொல்லும்வரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. அத்தனையும் பேனரிலிருந்து இறங்கி வந்த குதிரைகள். முன்னால் சித்தப்பா நிற்கக் காத்திருக்கிற குதிரைகள்.

அன்றிலிருந்து அவருடைய ‘ஏட்டி’ படங்களை அவர் அனுமதியோடு பார்க்கத் தொடங்கினேன். தோல் எப்படிச் சிலிர்க்கிறது, தூங்கும்போது உதடு எப்படித் தொங்குகிறது, ஈயை விரட்டும்போது எந்தக் கால் உதறுகிறது என்று. தெரியாததை எழுதிக் கேட்பேன். அவர் லோடு ஏற்றுகிற இடைவெளியில் குரலிலேயே பதில் அனுப்புவார். பின்னணியில் மூட்டை விழும் சத்தம் கேட்கும்.

இரண்டு மாதம் உழைத்து ஒரு படம் செய்தேன். இறக்கை இல்லை, அருவி இல்லை. மழை விட்ட மத்தியானம், மூடிய ஒரு கடை வாசலில் அரைக்கண் மூடி நிற்கிற சாம்பல் நிறக் குதிரை. அவ்வளவுதான். நான் செய்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று எனக்கே தோன்றியது. குழுவில் போட்டேன். பாராட்டுகள் வந்தன. இங்க்ரிட்கூட முதல்முறையாகக் குறை ஒன்றும் சொல்லவில்லை. ‘இந்தக் குதிரைக்கு நாற்றம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. நான் அதைக் கோமதிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

மறுநாள் காலை, அத்தனை ஆங்கிலத்துக்கும் கீழே, தமிழில் ஒரு கருத்து வந்திருந்தது. எஸ்.எம்.76.

‘உதடு நல்லா இருக்கு. கண்ணு நல்லா இருக்கு. பின்னங்கால் ரெண்டும் ஒரே காலும்மா.’

உண்மை. சரியான பின்னங்கால் ஒன்றுதான் கிடைத்தது. அதையே பிரதி எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, இரண்டாவது காலாகவும் வைத்திருந்தேன். கடையில் பத்து வருடமாகச் செய்கிற வேலை. ஒரு ஆள் கண்டுபிடித்ததில்லை. நானே அதை மறந்துவிட்டிருந்தேன்.

அதற்குக் கீழே இங்க்ரிட் கேட்டிருந்தார்: இது என்ன மொழி, இவர் என்ன எழுதியிருக்கிறார்?

அன்றும் போயிருந்த கரண்ட் வந்து, கடையில் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. கோமதி என்னைக் கூப்பிட்டாள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, நான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டேன், ஒரு வார்த்தை விடாமல்.